கொலம்பியா ஆற்றங்கரையில் பிட்காயின் கூடங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைக் காஸ்கேட் மலைத்தொடர் மேற்கு, கிழக்கு என இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே சியாட்டில் நகரமும் ஓயாத மழையும் இருக்க, மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மழை மறைவுப் பகுதியின் வறண்ட குன்றுகளும், அவற்றினூடே வளைந்து செல்லும் கொலம்பியா ஆறும், ஆற்று நீரை நம்பி வளர்ந்த ஆப்பிள் தோட்டங்களும் காணக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் மாவட்டத்துக்கு இணையான நிர்வாகப் பிரிவு கவுன்ட்டி எனப்படும். இந்த ஆற்றை ஒட்டி அடுத்தடுத்து அமைந்த ஷெலான், டக்ளஸ், கிரான்ட் ஆகிய மூன்று கவுன்ட்டிகளில், 2012-ஆம் ஆண்டு தொடங்கி ஆறேழு ஆண்டுகளுக்குள், பழக் கிடங்குகளிலும் கார் நிறுத்தும் கொட்டகைகளிலும் சரக்குப் பெட்டகங்களிலும் பிட்காயின் மைனிங் கூடங்கள் முளைத்தன. அந்தக் கூடங்கள் எவ்வாறு அமைக்கப்பட்டன, எவ்வாறு இயங்கின, எதனால் நெருக்கடிக்கு உள்ளாயின என்பவற்றை அவற்றில் மின்பணி செய்தவரின் நோக்கில் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிட்காயின் என்பது வங்கியோ அரசோ பின்னிற்காமல், கணினி வலையமைப்பு ஒன்றே கணக்கேட்டைப் பேணிவரும் மின்னணு நாணயம். இந்தக் கணக்கேட்டில் ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு புதிய பக்கம் சேர்க்கப்படுகிறது. அதற்குப் பிளாக் என்று பெயர். அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் உரிமையைப் பெற, உலகெங்குமுள்ள கணினிகள் ஷா-256 என்னும் கணிதச் சார்பைக் கொண்டு ஓர் எண்ணை மாற்றி மாற்றி இட்டுப் பார்த்து, குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் விடை கிடைக்கும்வரை ஓயாமல் முயல வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு ஹாஷ் எனப்படும்; இவ்வாறு முயலும் தொழிலுக்கே மைனிங் என்று பெயர். முதலில் விடை கண்டவருக்குப் புதிதாகப் பிறக்கும் நாணயங்கள் பரிசாகக் கிடைக்கின்றன: 2009-இல் பிளாக்குக்கு 50 பிட்காயின் என்று தொடங்கிய அப்பரிசு, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகி, 2012 நவம்பரில் 25 ஆகவும், 2016 ஜூலையில் 12.5 ஆகவும், 2020 மே மாதத்தில் 6.25 ஆகவும் குறைந்தது. 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, வலையமைப்பில் சேர்ந்துள்ள மொத்தக் கணிப்புத் திறனுக்கு ஏற்பக் கணக்கின் கடினநிலை தானாகவே திருத்தப்படுகிறது. எனவே உலகில் எத்தனை இயந்திரங்கள் கூடினாலும் நாளொன்றுக்குக் கிடைக்கும் நாணயங்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, ஒவ்வோர் இயந்திரத்தின் பங்கு மட்டுமே சுருங்குகிறது. நாணயத்தின் விலை எங்கும் ஒன்று. இயந்திரம் எங்கும் ஏறத்தாழ ஒன்று. கடினநிலையும் அனைவருக்கும் பொது. தொழில் நடத்துவோர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளக்கூடிய பெருஞ்செலவு மின்கட்டணம் மட்டுமே ஆதலால், மலிவான மின்சாரம் எங்குண்டோ அங்கே இத்தொழில் நகர்ந்து செல்கிறது.

நடுக் கொலம்பியாவின் மின்சாரம் ஏன் மலிவு என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டே அங்கு முதலீடு செய்தவர்கள் மிகச் சிலர். ஆற்றில் வேகமாக நீர் ஓடுகிறது, அணைகள் உள்ளன, ஆகவே மலிவு என்பதே பெரும்பாலோர் அறிந்த விளக்கம். அது பாதி உண்மைதான். கொலம்பியாவின் குறுக்கே முதன்முதலில் கட்டி முடிக்கப்பட்ட ராக் ஐலண்ட் அணையும், 1961-இல் முடிந்த ராக்கி ரீச் அணையும் ஷெலான் கவுன்ட்டியின் பொறுப்பிலும், வெல்ஸ் அணை டக்ளஸின் பொறுப்பிலும், வானபம், பிரீஸ்ட் ராபிட்ஸ் ஆகிய இரண்டும் கிரான்டின் பொறுப்பிலும் உள்ளன. இவற்றின் உடைமையாளர் தனியார் கம்பெனி அன்று. பொதுப்பயன் மாவட்டம், சுருக்கமாகப் பி.யூ.டி. எனப்படும் உள்ளூர் மின்வாரியங்கள். 1930-இல் மாநில வாக்காளர்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்ட சட்டத்தின் வழியே உருவான இவ்வாரியங்களை, அந்தந்தக் கவுன்ட்டி மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர்கள் நடத்துகின்றனர்; இலாப நோக்கின்றி, செலவுக்கு ஈடான கட்டணத்தில் உள்ளூர் மக்களுக்கு மின்சாரம் வழங்குவதே அவற்றின் கடமை. ராக்கி ரீச் அணை மட்டுமே ஏறத்தாழ 1,300 மெகாவாட் திறன் கொண்டது. ஷெலான் கவுன்ட்டி முழுவதன் சராசரித் தேவையோ ஏறத்தாழ 200 மெகாவாட். எஞ்சும் மின்சாரம் நீண்டகால ஒப்பந்தங்களின் வழியாகவும் சந்தை வழியாகவும் வெளியூர்களுக்கு விற்கப்பட்டு, அவ்வருவாயே உள்ளூர் வீடுகளின் கட்டணத்தை ஏறவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. 2018 வாக்கில் நாடு முழுவதுக்குமான வீட்டு மின்கட்டணச் சராசரி யூனிட்டுக்கு ஏறத்தாழ 13 சென்ட்டாக இருந்தபோது, ஷெலானில் அது மூன்று சென்ட்டுக்கும் குறைவாகவும், டக்ளஸில் அதனினும் சற்றுக் குறைவாகவும் இருந்தது.

இக்கணக்கை மறுபக்கமிருந்து பார்த்தால் தொழிலின் பலவீனம் வெளிப்படும். உள்ளூர்க் கட்டணத்தில் மைனிங் கூடத்துக்குச் செல்லும் ஒவ்வொரு மெகாவாட்டும், வெளிச்சந்தையில் அதிக விலைக்கு விற்றிருக்கக்கூடிய ஒரு மெகாவாட்டாகும். ஆகவே ஷெலான் கவுன்ட்டியின் வெனாச்சி நகரிலுள்ள ஓய்வூதியர் ஒருவர் செலுத்தும் குறைந்த கட்டணமும், சரக்குப் பெட்டகத்தில் இயந்திரங்களை அடுக்கியவர் செலுத்திய குறைந்த கட்டணமும் ஒரே பணப்பெட்டியிலிருந்து வந்தவை. முன்னவர் அப்பெட்டியின் சொந்தக்காரர், பின்னவர் விருந்தாளி. மூன்று சென்ட் என்னும் எண்ணை நிலத்தடிக் கனிமம்போல் இயற்கை தந்த வளமாகக் கருதித் திட்டம் தீட்டியவர்கள், அது ஆண்டுதோறும் பொதுக் கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்யப்படும் ஓர் அரசியல் உடன்பாடு என்பதைக் கவனிக்கத் தவறினர்.

மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்கும் தொழில்கள் இவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. வெனாச்சிக்குத் தெற்கே மலாகாவில் 1952 முதல் அல்கோவா நிறுவனத்தின் அலுமினிய உருக்காலை இயங்கி வந்தது. கிரான்ட் கவுன்ட்டியின் குவின்சி ஊரில் 2006, 2007-ஆம் ஆண்டுகளிலிருந்து மைக்ரோசாஃப்ட், யாகூ முதலிய நிறுவனங்களின் தரவு மையங்கள் எழுந்தன. உருக்காலை 2015-ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியபோது 400-க்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். மைனிங் கூடமோ ஒரு மெகாவாட் அளவில் இயங்கினாலும் ஓரிருவருக்கே வேலை தரும். உள்ளூர் மக்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது இயல்பே; அவ்வொப்பீட்டுக்குக் கூடக்காரர்களிடம் கடைசிவரை தக்க மறுமொழி இருக்கவில்லை.

கூடம் அமைப்பதற்குரிய கட்டடத்தைத் தேடுவோர் முதலில் வாடகையையும் பரப்பையும் விசாரிப்பது வழக்கம். அனுபவம் உள்ளவர் கட்டடத்துக்குள் நுழையுமுன் அதன் பின்புறம் சென்று மின்மாற்றியைப் பார்ப்பார். கான்கிரீட் மேடையில் பச்சை வண்ணப் பெட்டியாக நிற்கும் அதன் பெயர்ப்பலகையில் பொறித்துள்ள கே.வி.ஏ. என்னும் மின்திறன் அளவே அக்கட்டடத்தின் உண்மையான மதிப்பு. பழைய ஆப்பிள் பொதிக் கிடங்குகள் நாடப்பட்டதன் காரணமும் இதுவே: பழங்களைப் பல மாதங்கள் கெடாமல் வைக்கும் குளிர்பதன அறைகளுக்காக அங்கு ஏற்கெனவே வலிமையான மும்முனை மின்னிணைப்பு இருந்தது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டடத்து மின்மாற்றி போதுமானதாக இருந்தாலும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் 13 கிலோவோல்ட் அளவிலான கம்பித்தடத்தில், அதாவது ஃபீடரில், இடம் இருக்க வேண்டும். ஃபீடரில் இடம் இருந்தாலும் துணை மின்நிலையத்தில் இருக்க வேண்டும். ஆற்றில் ஆயிரக்கணக்கான மெகாவாட் உற்பத்தியாவதைக் கண்முன் பார்த்துக்கொண்டே, ஊர் எல்லையில் ஐந்து மெகாவாட் இணைப்புக்காகக் காத்திருக்க நேர்ந்த முதலீட்டாளர்கள் பலர். ஒரு புதிய துணை மின்நிலையம் வடிவமைக்கப்பட்டு, நிலம் பெறப்பட்டு, கருவிகள் வந்து சேர்ந்து முடிய ஆண்டுகள் பிடிக்கும். மைனிங் இயந்திரமோ ஒன்றரை ஆண்டில் பழசாகிவிடும். இந்த இரண்டு கால அளவைகளும் ஒருபோதும் பொருந்தியதில்லை.

கட்டடத்தினுள் மின்கம்பி இடும் பணி, வழக்கமான தொழிற்கூட வேலையிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது. ஆலையிலோ கடையிலோ சுமை ஏறி இறங்கும். மைனிங் கூடத்தில் அது ஏறியபின் இறங்குவதே இல்லை. அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஓயாமல் இருக்கும் சுமையைத் தொடர்சுமை என வகைப்படுத்தி, அத்தகைய சுமைக்குரிய பிரேக்கரை அதன் அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்று கூறுகிறது. 2016-இல் வெளிவந்து சில ஆண்டுகள் இத்தொழிலின் அடையாளமாகவே இருந்த ஆன்ட்மைனர் எஸ்9 இயந்திரத்தை எடுத்துக்கொண்டால், அது விநாடிக்கு ஏறத்தாழ 13.5 டெராஹாஷ், அதாவது 13.5 இலட்சம் கோடி முயற்சிகள், செய்து ஏறத்தாழ 1,350 வாட் மின்சாரம் இழுக்கும். 240 வோல்ட்டில் 30 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றுக்கு விதிப்படி 24 ஆம்பியர், அதாவது 5,760 வாட் மட்டுமே ஏற்றலாம்; நான்கு இயந்திரங்களுடன் அது நிறைந்துவிடும். பலகையில் ஐந்தாவது துளை காலியாகத் தெரியும்போது அதிலும் ஒன்றைச் செருகிவிடும் ஆசையே இக்கூடங்களில் நேர்ந்த பல பிரேக்கர் கோளாறுகளுக்கு மூலம். ஐந்தும் ஓடினால் 28 ஆம்பியர்தான் ஆகிறது, பிரேக்கர் உடனே விழுவதில்லை. கோடையில் பலகையின் உட்புறம் சூடேறிய பின்னரே, பெரும்பாலும் நடு இரவில், விழத் தொடங்கும்.

பிரேக்கரினும் கவலைக்குரியவை இணைப்பு முனைகள். எஸ்9 இயந்திரத்தில் மூன்று கணிப்புப் பலகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று, கட்டுப்பாட்டுப் பலகைக்கு ஒன்று என மின்வழங்கியிலிருந்து பத்து ஆறுமுனைச் செருகிகள் வந்து பொருந்துகின்றன. 12 வோல்ட் என்னும் தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாட் செல்வதால், இச்செருகிகளின் வழியே மொத்தம் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. ஒரு செருகி முழுவதும் அழுந்தாமல் மயிரிழை வெளியே நின்றாலும் அங்கே தொடுபரப்பு குறைந்து வெப்பம் உண்டாகும். வெப்பத்தால் உள்ளிருக்கும் உலோகக் கவ்வி தளரும். தளர்ந்ததால் வெப்பம் மேலும் கூடும். கறுப்பு நெகிழியாலான செருகியின் ஓரம் முதலில் மினுமினுப்பை இழந்து சாம்பல் பூத்தாற்போல் ஆகும், பின்னர் உள்முனை பழுப்பாகும், அதன்பின் மீன் அழுகிய வாடையை ஒத்த நாற்றம் எழும். அந்த நாற்றம் மூக்குக்கு எட்டும் நேரத்தில் பலகையின் முனையும் சேர்ந்து உருகியிருக்கும். இக்கட்டுரையாளர் பணிசெய்த கூடங்களில், இயந்திரங்களை அடுக்கிய முதல் வாரத்திலேயே ஒவ்வொரு செருகியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும், வெப்பம் காட்டும் கேமராவால் வரிசை வரிசையாகப் பார்த்து வருவதும் எழுதப்படாத விதியாக இருந்தன. அயல்நாட்டிலிருந்து நேரடியாக வாங்கப்பட்ட இயந்திரங்கள் பலவற்றில், அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தின் முத்திரை இல்லாததால், மின் ஆய்வாளர் முன்னிலையில் அவற்றுக்கு அனுமதி பெறுவது தனி வழக்காகவே நடந்தது.

உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. ஒரு மெகாவாட் கூடத்தில் ஏறத்தாழ 700 எஸ்9 இயந்திரங்களை நிறுத்தலாம். அவற்றின் ஊடே செல்லும் காற்று 15 பாகை செல்சியஸ் சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 55 கன மீட்டர் காற்று ஓயாமல் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். ஒருபுறம் குளிர்ந்த காற்று நுழையும் பாதை, மறுபுறம் சூடான காற்று வெளியேறும் பாதை என இரண்டாகப் பிரித்து, இடையே இயந்திரங்களையே சுவராக அடுக்கி, அவற்றுக்கிடையே உள்ள ஒவ்வொரு சந்தையும் பலகையாலோ நுரையாலோ அடைப்பதே முறை. அடைக்காத ஒரு கையகலச் சந்து வழியாகச் சூடான காற்று முன்புறம் திரும்பிவந்து, அருகிலுள்ள நான்கைந்து இயந்திரங்களை மட்டும் மீண்டும் மீண்டும் நிறுத்தும். கோளாறு இயந்திரத்தில் இருப்பதாக எண்ணிப் பழுதுபார்ப்போர் பல நாள் வீணடிப்பர்.

மழைமறைவு நிலத்தின் வறட்சி இதில் ஒரு பெரும் உதவி. ஜூலையில் 38 பாகையைத் தொடும் நாள்களிலும் காற்றின் ஈரப்பதம் மிகக் குறைவாக இருப்பதால், நீரில் நனைந்த அட்டைத் தடுப்புகளின் வழியே காற்றை இழுத்தால் அது 25 பாகை அளவுக்குத் தணிந்துவிடும். கோடையில் வெட்டிவேர்த் தட்டிக்கு நீர் தெளித்து அறையைக் குளிர்விப்பதும் இதே இயற்பியல்தான். குளிரூட்டும் எந்திரம் வைத்தால் ஆகும் மின்செலவில் சிறு பங்கே இதற்கு ஆகும். குளிர்காலத்தில் சிக்கல் தலைகீழாகிறது: உறைநிலைக்குக் கீழான காற்றில் இயந்திரங்களை முதன்முறை இயக்கினால் அவை சரியாக எழுவதில்லை என்பதால், வெளியேறும் சூடான காற்றில் ஒரு பகுதியை வேண்டுமென்றே உள்ளே திருப்பிக் கலக்கும் மடிப்பலகைகள் தேவைப்பட்டன.

வெப்பத்தை விடவும் தொல்லை தந்தது காற்றில் மிதந்து வருவதே. மே மாத இறுதியிலும் ஜூனிலும் ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரங்கள் தம் விதைகளை இலவம்பஞ்சை ஒத்த வெண்ணிழைகளில் ஏற்றிப் பறக்கவிடும். காலையில் சுத்தமாக இருந்த வடிகட்டித் திரையில் மாலைக்குள் கம்பளி போர்த்தியது போன்ற படலம் படிந்து, விசிறிகள் மூச்சுத் திணறும். அதைத் துடைப்பத்தால் கூட்டினால் இழை உடைந்து உள்ளே போகும். நீர் பீய்ச்சினால் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து கீழாகச் சுருட்டி எடுப்பதே சரியான முறை. வடிகட்டி வைத்தால் விசிறியின் உழைப்பு கூடுகிறதென்று அதை நீக்கிவிட்ட கூடங்களில், இயந்திரத்தின் வெப்பந்தணிப்புத் தகடுகளுக்கிடையே அப்பஞ்சு புகுந்து தோட்டத்துப் புழுதியுடன் கலந்து கெட்டித்துப்போனது. கோடை முற்றியதும் காட்டுத்தீயின் முறை. 2015 ஜூன் மாத இறுதியில் ஸ்லீப்பி ஹாலோ தீ வெனாச்சியின் வீடுகளை எரித்ததோடு, பறந்த தீப்பொறிகளால் நகருக்குள்ளிருந்த பழக் கிடங்குகளையும் பற்றியது. தீ நெருங்காத ஆண்டுகளிலும் புகை வாரக்கணக்கில் பள்ளத்தாக்கில் தேங்கும். சாம்பல் கலந்த அக்காற்றைத் தடுக்கும் அளவுக்கு நுண்ணிய வடிகட்டி வைத்தால் தேவையான காற்று கிடைக்காது, வைக்காவிட்டால் பலகைகளில் கரி படியும்.

இணைய இணைப்பைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை. தரவு மையத்தைப் போல் இங்கு பெரும் அலைவரிசை தேவையில்லை. தனித்து முயன்றால் பரிசு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாகையால், பலரும் தம் கணிப்புத் திறனை ஒன்றுசேர்த்துப் பங்கின்படி வருவாயைப் பிரித்துக்கொள்ளும் பூல் என்னும் கூட்டமைப்பில் சேர்கின்றனர். பூலும் இயந்திரமும் பரிமாறிக்கொள்வது சிறு சிறு செய்திகளே. சில விநாடித் தாமதம் மட்டும் பொருட்படுத்தத் தக்கது, ஏனெனில் ஏற்கெனவே விடை காணப்பட்ட பிளாக்குக்காகச் செய்யப்படும் கணக்குக்குக் கூலி இல்லை. அன்றாடப் பராமரிப்பிலும் பெரும்பகுதி விசிறி மாற்றுவதும் பலகையைக் கழற்றிப் பூட்டுவதுமே. எஸ்9 பலகையில் 63 சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலித் தொடராக இணைந்திருப்பதால், ஒரு சில்லு பழுதானாலும் பலகை முழுவதும் செயலிழந்ததாகத் திரை காட்டும். எந்தச் சில்லு என்று கண்டறிவது பொறுமையும் மின்னழுத்தமானியும் கொண்டு செய்யும் வேலை. இயந்திரம் ஒவ்வொன்றும் எழுப்பும் இரைச்சல் 75 டெசிபல் அளவில் இருந்ததால், காது மூடியின்றி உள்ளே நின்று பேசிக்கொள்ள இயலாது. கைச்சாடைகளே கூடத்தின் மொழியாயின.

கணக்குப் புத்தகம் இத்தொழிலின் ஏற்ற இறக்கத்தை எளிதில் காட்டிவிடும். ஓர் எஸ்9 நாளொன்றுக்கு ஏறத்தாழ 32 யூனிட் மின்சாரம் செலவிடுகிறது. யூனிட் மூன்று சென்ட் என்றால் செலவு ஒரு டாலருக்குச் சற்றுக் குறைவு. 12 சென்ட் என்றால் நான்கு டாலரை நெருங்கும். பிட்காயினின் விலை 20,000 டாலரை நெருங்கிய 2017 டிசம்பரில் இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. இயந்திரம் எங்கிருந்தாலும் பொன் கொழித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் விலை 3,500 டாலருக்கும் கீழே இறங்கி, அதற்குள் உலகில் இயந்திரங்களும் பெருகிவிட்டிருந்தபோது, ஓர் எஸ்9 ஒரு நாளில் ஈட்டியது ஏறத்தாழ இரண்டு டாலர். 12 சென்ட் கொடுப்பவர் இயந்திரத்தை நிறுத்திவிட, மூன்று சென்ட் கொடுப்பவர் தொடர்ந்து ஓட்டினார். ஆனால் வாடகை, கூலி, இணைப்புக்காகச் செலவழித்த முதல், கடன் வட்டி ஆகியவற்றை அந்த ஒரு டாலர் மிச்சத்திலிருந்து கொடுக்க இயலாதவர்களும் பலர். டோக்கன் எனப்படும் மின்னணுப் பற்றுச்சீட்டுகளை 2017-இல் விற்று நிதி திரட்டி, கிழக்கு வெனாச்சியில் பெரும் கூடங்களைக் கட்டிவந்த கிகா வாட் நிறுவனம் 2018 நவம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது.

இதற்கு இணையாக, உரிமம் கேளாமலே நடந்த வீட்டு மைனிங், வாரியங்களின் பொறியாளர்களுக்குப் பெருங்கவலையாக வளர்ந்தது. இதன் காரணம் மின்மாற்றி தேர்ந்தெடுக்கப்படும் முறையில் உள்ளது. தெருவோரத்து மின்மாற்றி ஒன்று நான்கைந்து முதல் பத்து வீடுகளுக்கு மின்சாரம் தருகிறது. எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் அடுப்பையும் வெந்நீர்க் கொதிகலனையும் இயக்குவதில்லை என்னும் நம்பிக்கையில், வீடுகளின் உச்சத் தேவைகளைக் கூட்டினால் வரும் தொகையைவிட மிகச் சிறிய அளவே அதற்குத் தரப்படுகிறது. பகலில் ஏறும் சூடு இரவில் ஆறிவிடுகிறது. மின்மாற்றியின் எண்ணெயும் மண்ணுக்கடியில் புதைந்த கேபிளும் அந்த இரவு ஓய்வை நம்பியே ஆயுள் கணிக்கப்பட்டவை. ஒரு வீட்டுக் கொட்டகையில் 20 எஸ்9 இயந்திரங்கள் வைக்கப்பட்டால் 27 கிலோவாட் சுமை இரவு பகலாக ஏறி நிற்கும், 50 கே.வி.ஏ. மின்மாற்றியின் பாதிக்கு மேல் ஒரே வீடு எடுத்துக்கொண்டால் அண்டை வீடுகளின் குளிர்கால மாலைக்கு அது ஈடுகொடுக்காது. இத்தகைய வீடுகளைக் கண்டுபிடிப்பதில் துப்பறிதலுக்கு வேலை இருக்கவில்லை. மனிதர் வாழும் வீட்டின் மின்நுகர்வு வரைபடம் காலையிலும் மாலையிலும் மேடிடும். இவ்வீடுகளின் வரைபடமோ நள்ளிரவிலும் நண்பகலிலும் ஒரே நேர்க்கோடாகக் கிடந்தது.

வாரியங்கள் எடுத்த நடவடிக்கைகள் தயக்கத்துடன் தொடங்கி, விரைவில் கடுமையாயின. ஷெலான் பி.யூ.டி. 2014-இன் இறுதியில் பெரிய மின்னடர்த்தி கொண்ட புதிய இணைப்புகளை ஒருமுறை நிறுத்திவைத்து, பின்னர் அவற்றுக்கெனத் தனிக் கட்டண வகை ஒன்றை உருவாக்கியது. 2017-இன் விலையேற்றத்துக்குப் பின் விண்ணப்பங்கள் குவிந்ததும், 2018 மார்ச்சில் அவசர இடைநிறுத்தம் மீண்டும் வந்தது. கிரான்ட் பி.யூ.டி.யிடம் வந்து சேர்ந்த கோரிக்கைகளைக் கூட்டினால், கவுன்ட்டி முழுவதும் அதுவரை பயன்படுத்திவந்த மின்சாரத்தையே விஞ்சியது. அவ்வாரியம் 2018 ஆகஸ்டில் வளர்ந்துவரும் தொழில்கள் என்னும் புதிய கட்டண வகுப்பை ஏற்படுத்தி, ஒழுங்குமுறை நிச்சயமின்மையும் ஒரே தொழிலில் சுமை குவிவதும் உள்ள துறைகளுக்கு, 2019 ஏப்ரல் முதல் படிப்படியாக உயரும் கட்டணத்தை விதித்தது. கூடக்காரர்கள் சிலர் இதைப் பாரபட்சம் எனக் கூறி வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு வாரியத்தின் பக்கமே அமைந்தது. ஷெலானின் புதிய கிரிப்டோ, அதாவது மின்னணு நாணயக் கட்டணமும் அதே 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மின்சாரத்தின் விலையை வெளிச்சந்தையோடு பிணைத்து, இணைப்புச் செலவை முன்கூட்டியே வசூலிக்கும் ஏற்பாடு அது. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது அச்சந்தையில் விலை சரிந்துவிடும். கடுங்கோடையிலும் கடுங்குளிரிலும் பல மடங்கு ஏறும். ஆண்டு முழுவதும் ஒரே கட்டணம் என்னும் அடிப்படையில் கட்டப்பட்ட கூடங்கள், விலை ஏறும் மணிநேரங்களில் இயந்திரங்களை நிறுத்தி இறங்கும்போது ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது; சிலவற்றின் ஒப்பந்தங்கள் அதற்கு இடமளிக்கவில்லை.

இந்நடவடிக்கைகளைப் புதுமைக்கு எதிரானவை எனச் சாடியோர் அந்நாளில் பலர் இருந்தனர். வாரியங்களின் நிலையை நடுநின்று பார்த்தால் அச்சாடல் நிற்பதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் நீடிக்கும் துணை மின்நிலையத்தை, பதினெட்டு மாதங்களில் வேறிடம் பெயர்ந்துவிடக்கூடிய வாடிக்கையாளருக்காகக் கட்டினால், அவர் போனபின் அக்கடனைச் சுமப்போர் வெனாச்சியின் வீட்டுக்காரர்களே. ஆயினும் ஒரு குறையைச் சுட்டத்தான் வேண்டும்: முறைப்படி விண்ணப்பித்து, மின்மாற்றிக்கும் பாதுகாப்புக் கருவிகளுக்கும் தம் பணத்தைக் கொட்டியவர்களும், ஒளிந்து ஓட்டியவர்களும் பொதுமக்கள் பேச்சில் ஒரே பெயரால் குறிக்கப்பட்டு, பொதுக் கூட்டங்களில் ஒரே வசையைப் பெற்றனர்.

கூடங்களைக் கலைக்கும் பணியும் இத்தொழிலின் ஒரு பகுதியே. 2019-க்குப் பின் இவ்வட்டாரத்தில் கட்டியதைவிடக் கலைத்தது அதிகமாக இருக்கலாம். 2020 மே மாதம் பரிசு பாதியானதும், அதே ஆண்டில் ஏறத்தாழ 3,250 வாட்டில் 95 டெராஹாஷ் தரும் எஸ்19 இயந்திரம் வந்ததும், எஸ்9 இயந்திரங்களை மூட்டை கட்டி எடை போட்டு விற்கும் நிலைக்குக் கொண்டுவந்தன. அலுமினிய உறைகள் ஒரு குவியல், செப்புக் கம்பிகள் ஒரு குவியல், இன்னும் சுழலும் விசிறிகள் ஒரு குவியல் எனப் பிரிப்பது வழக்கம். விசிறிகளைக் கோழிப்பண்ணை, உலர்த்தும் அறை வைத்திருப்போர் வாங்கிச் சென்றனர். மின்மாற்றிகளும் பெரிய பிரேக்கர் பெட்டிகளும் கடைசியாக விற்பனைக்கு வந்தன. 2021-க்குப் பின் நாடெங்கும் மின்மாற்றித் தட்டுப்பாடு ஏற்பட்டு, புதிய ஒன்றுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்ததால், எண்ணெய்ப் பரிசோதனைச் சான்றும் பெயர்ப்பலகைப் படமும் கையில் வைத்திருந்தவர்களுக்கு அவை நல்ல விலை போயின. பிட்காயின் ஒன்றுகூட மிஞ்சாத சில கூடங்களில் கடனை அடைக்க உதவியது அந்த விற்பனைத் தொகையே.